ராக்கு எழுதிய வாழ்த்து மடல்

உங்கள் கல்யாணத்துக்கு அவர் நிச்சயம் வந்திருப்பார். தாலி கட்டி முடிந்து, முதல் பந்திக்கு இலை விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, 'வாழ்த்து மடல்' என்று ஆரம்பித்து, மாப்பிள்ளையை மூவேந்தர் வம்சத்தில் சேர்த்து, பெண்ணை முழுநிலவுக்கு அக்காவாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த மடலை உங்கள் கையில் திணித்துவிட்டு, போட்டோவுக்கும் நின்றிருப்பார். நீங்கள் அதைக் கூடத்தில் மாட்டியிருப்பீர்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே அதே மடல், வேறு ஜோடியின் பெயரோடு, ஆவடியில் வேறொரு கூடத்தில் மாட்டப்பட்டிருக்கும். இந்த வகை மனிதருக்கு ஒட்டுக் கவிராயர் என்று பெயர் வைக்கலாம்.

ஒட்டுக் கவிராயர் எழுதமாட்டார். ஒட்டுவார்.

பட்டாபிராம் மணவாளனையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. தொழிலாளர்களின் வருகைக் கார்டுகளைச் செருகி வைக்கிற, அறை அறையாகத் தடுத்த பழைய மர ராக்கு ஒன்றை எழுபத்திரண்டாம் வருஷம் கம்பெனியில் கழித்துப் போட்டார்கள். மணவாளன் அதைக் கேட்டு வாங்கி, கட்டை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அவர் கவிஞரானார்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாம்பூலப் பையை மறந்தாலும் மறப்பாரே ஒழிய, அங்கே அச்சடித்துக் கொடுக்கும் மடல்களை மறக்கமாட்டார். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து வரிவரியாக நறுக்குவார். ராக்கின் முதல் வரிசையில் நிலவு, தென்றல், முரசு. இரண்டாவதில் மாப்பிள்ளையின் வீரம். மூன்றாவதில் பெண்ணின் அடக்கம். நாலாவதில் பெற்றோர் செய்த தவம். கடைசி வரிசை முழுக்க ஆசீர்வாதம். யாராவது வந்து, "சார், ஞாயித்துக்கெயம மச்சான் கல்யாணம்" என்றால் போதும். கண்ணை மூடி வரிசைக்கு ஒரு துண்டை உருவி, பசை தடவி ஒட்டி, பெயரைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார். வந்தவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் கவிதை தயார். அடியில் கொட்டை எழுத்தில் 'கவிச்சுடர் மணவாளன்'. அதற்கும் அடியில் 'உரிமை ஆசிரியருக்கே'.

எந்த ஆசிரியருக்கு? அந்த வம்பு நமக்கு எதற்கு?

யாராவது பாராட்டினால் கூச்சத்தோடு நெளிவார். "குளிக்கும்போது தானா பொங்கிகினு வந்துடுச்சுப்பா" என்பார். குறை சொன்னால் கதை வேறு. ஒரு தடவை, 'விண்ணுலகிலிருந்து வாழ்த்தும் தந்தையே' என்று அவர் மைக்கில் உருகியபோது, அந்தத் தந்தை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சண்டைக்கு வந்ததும் மணவாளன் கையை விரித்தார். "நான் இன்னா செய்யட்டும்? ராக்கு குடுத்தது அப்பிடி." புகழுக்கு மணவாளன், வசவுக்கு ராக்கு. இந்த ஏற்பாடு இரண்டு வருஷம் குறையில்லாமல் நடந்தது.

அதே கம்பெனியில் டிரில்லிங் மெஷினில் நின்றவன் நெமிலிச்சேரி துலுக்கானம். அம்மா போன பிறகு தங்கை வசந்தாவை வளர்த்தவன் அவன்தான். வாழ்க்கையில் அவன் எழுதியது ஒரே ஒரு மடல், அவள் கல்யாணத்துக்கு. நாற்பது நாள் அடித்து அடித்து எழுதியதில், மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்ன வரி இது: 'ஏரிக்கரை மழையில் என் சட்டைக்குள் ஒளிந்தவள் இனி உம் குடைக்கு வருகிறாள், நனையாமல் பார்த்துக்கொள்ளும்.' மணவாளன் அந்தக் கல்யாணத்துக்கும் போயிருந்தார். அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், பத்துத் துண்டில் எழுதி, பத்து அறையில் செருகிவிட்டார்.

அப்புறம் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் ஏரிக்கரையில் மழை பெய்தது. திருவேற்காட்டில் ஃபோர்மேன் மகள் கல்யாணத்திலும் பெய்தது. அந்தப் பெண் மழை நாளில் வீட்டு வாசற்படிகூட இறங்கியவளில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த துலுக்கானம் அதைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டான். சபை நடுவில் தன் தங்கையை யாரோ பெயர் மாற்றிக் கூப்பிட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான்.

"சார், நேத்து படிச்சீங்களே, ஏரிக்கரை மய... அது நான் எய்தினது சார். எந்தங்கச்சிக்கு."

"மழை உன்னுதா, துலுக்கானம்?"

"இல்ல சார்."

"ஏரி?"

"அது சர்க்காருது. சட்டை என்னுது சார்."

"சட்டைங்கிற வார்த்தை உன்னுதா? நீ நாலு புஸ்தகம் படிச்சுட்டு எழுதினே. நான் நானூறு மடல் படிச்சுட்டு எழுதறேன். இதுல இன்னா வித்தியாசம், சொல்லு? அதுவும் நானா எடுத்தேன்? ராக்கு எடுத்துச்சு. தமிழ் எல்லாருக்கும் பொது நைனா, போய் கார்டைப் போடு."

துலுக்கானம் ஜன்னலை விட்டு நகர்ந்தான். கார்டைப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனான்.

தமிழ் எல்லாருக்கும் பொது என்பதை அதே கம்பெனியின் ஸ்டோர்ஸ் குமாஸ்தா லோகநாதனும் நம்பினார். அவர் தச்சனை வைத்து இன்னும் பெரிய ராக்கு ஒன்று செய்து, மணவாளனின் மடல்களை வாங்கி நறுக்கி அதில் நிரப்பினார். ஒருநாள் அம்பத்தூரில் ஒரு கல்யாணத்தில், தம் மடலை லோகநாதனின் குரலில் கேட்ட மணவாளன், தாம்பூலம்கூட வாங்காமல் நேரே தொழிற்சங்கத் தலைவர் வீரராகவனிடம் ஓடினார்.

"திருட்டுங்க! பட்டப்பகல் திருட்டு! 'உரிமை ஆசிரியருக்கே'ன்னு போட்டிருக்கேன். படிக்கத் தெரியாதா அந்த ஆளுக்கு?"

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சங்கக் கொட்டகையில் விசாரணை. வீரராகவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடலைக் கையில் எடுத்தார். "மணவாளா, இதுல எந்த வரி உன்னுது?"

மணவாளன் முரசு வரியைச் சொன்னார். "அது எங்க சித்தப்பா கல்யாணத்துல படிச்சதாச்சே" என்று ஒரு குரல் வந்தது. தென்றல் வரியைச் சொன்னார். அதற்கும் கூட்டத்தில் ஒரு சொந்தக்காரர் எழுந்தார். மாப்பிள்ளையின் வீரத்துக்கு மூன்று பேர் எழுந்தார்கள்.

"சரி, சேர்த்தது நான்தானே?" என்றார் மணவாளன்.

"நானும் அத்தத்தான் செஞ்சேன்" என்றார் லோகநாதன்.

கொட்டகை சிரித்தது. மணவாளனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் வாங்கிய கைதட்டல் மொத்தமும் ஒரே நாளில் போகப் பார்க்கிறதே! எழுந்து நின்று மேஜையைத் தட்டினார். "ஏரிக்கரை மழை என்னுது! அந்த ஒரு வரி போதும், நான் கவிஞன்னு சொல்ல. அதை இங்க வேற எவன் எழுத முடியும்?"

இதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. நூறு மேடையில் வாசித்து வாசித்து, அது தம்முடையது என்று மனதார நம்பிவிட்டிருந்தார்.

வீரராகவன் கேட்டார்: "எந்த ஏரிப்பா?"

"ஏரின்னா... ஏரிதான்" என்றார் மணவாளன்.

பின் பெஞ்சிலிருந்து துலுக்கானம் எழுந்தான். "நெமிலிச்சேரி ஏரி சார். அம்மா செத்து பதினோராம் நாளு. வசந்தாவுக்கு அஞ்சு வயசு, ஜுரம். டாக்டர் ஊட்லேர்ந்து தூக்கினு வரேன், மய புடிச்சுக்கிச்சு. என் சட்டைல மூணு பொத்தான்தான் கீது. அதுக்குள்ள தலைய உட்டுகினு, 'அண்ணா, உள்ள மய பெய்யல'ன்னு சொல்லிச்சு. அவ்ளோதான் சார்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வீரராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் மணவாளனைப் பார்த்தார்கள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதில் சந்தேகமே வேண்டாம். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கார்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"துலுக்கானம், அந்தக் கொழந்தை கடைசியா சொல்லிச்சே, அதை மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லுப்பா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வருகிற வைகாசியில் உங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. உள்ளே மழை பெய்யவில்லை என்று அந்தக் குழந்தை சொன்ன இடத்தில், 'அடடா, இது மடலுக்கு நன்றாக இருக்குமே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: அடியில் யார் பெயரைப் போடுவதாக உத்தேசம்?