மன்னிப்பு மாஸ்டர்

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதில் மலாய் நாட்டிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த தபாலாபீசுக்கு அவர் போஸ்ட்மாஸ்டர். ஊர் வைத்த பெயர் மன்னிப்பு மாஸ்டர்.

எங்களில் யார் தவறு செய்தாலும், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு வெயிலில் நடந்துபோய், "தப்பு என்னோடதுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். தபால்காரர் அந்தோணியை ஒரு நாய் துரத்திக் கடித்தது. மாஸ்டர் நாய்க்காரர் வீட்டுக்குப் போய், அந்தோணி ஓடியதில் நாய்க்கு மூச்சு வாங்கியதற்கு வருத்தம் தெரிவித்தார். மறுநாள் நாய் கட்டிப்போடப்பட்டிருந்தது.

செய்தி பரவியது. பால் தண்ணீராக இருக்கிறதென்று ஓர் அம்மாள் தபாலாபீசுக்கு வந்தார்.

"அக்கா, அதுக்கு பால்காரரைக் கேளுங்க" என்றேன்.

"கேட்டா சண்டைக்கு வர்றான் தம்பி. இவரு மன்னிப்பாச்சும் கேப்பாரு."

கேட்டார்.

ஒருநாள் மாட்டுவண்டியில் வந்த தபால் மூட்டை கிள்ளான் ஆற்றில் விழுந்துவிட்டது. வண்டியில் இருந்தவர் அந்தோணி. மாடு மிரண்டுவிட்டதென்று சத்தியம் செய்தார். வேலை போனால் பிள்ளைகளோடு குடியிருந்த குவார்ட்டர்ஸும் போய்விடும். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை நேரில் வந்து, மூட்டையைத் தவறவிட்டது யார் என்றார்.

"நான்தான் துரை" என்றார் மாஸ்டர்.

"அந்த நேரத்தில் நீ என் ஆபீசில், என் முன்னால் நின்றாயே?"

மாஸ்டர் யோசித்தார். "அங்க நின்னதாலதான் இங்க கவனிக்க முடியலை. அப்போ நான்தானே?"

அதற்குமேல் அந்தோணிக்குத் தாங்கவில்லை. "மாடு மிரளலை துரை. நான் தூங்கிட்டேன்!"

துரை அந்தோணிக்கு அபராதம் போட்டார். பொய் சொன்னதற்காக மாஸ்டரின் பதவி உயர்வை நிறுத்தினார். அன்று மாலை மாஸ்டர் அந்தோணி வீட்டுக்குப் போய், அபராதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அந்தோணியின் மனைவி கோப்பி கலக்கிக் கொடுத்தாராம்.

அதன்பின் ஆபீசில் தவறுகள் குறைந்துபோயின. எங்களுக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று துரை நினைத்தார். அந்த மனிதர் வெயிலில் நடப்பதை எங்களால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் திறமைசாலி. எந்தத் தவறுக்கும் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். நாங்களும் திறமைசாலிகளாகி, ஒருவர்மேல் ஒருவர் கை காட்டக் கற்றுக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். வாசலில் எங்களைக் கூட்டமாகக் கண்டதும் மாஸ்டர் அவசரமாகக் காலில் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார்.

"என்ன ஆச்சு? யார் வீட்டுக்குப் போகணும்?"

"எங்கயும் போக வேணாம் மாஸ்டர்" என்றார் அந்தோணி. "சும்மா உங்களைப் பாக்கத்தான் வந்தோம்."

மாஸ்டர் ஒற்றைச் சப்பாத்தோடு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.