காதுல பஞ்சு, தன்மதிப்பு நூறு

பாட்டு கத்துக்கிட்டா மாணவர்களோட தன்மதிப்பு உயரும்னு கல்வி ஆபீஸ் கண்டுபிடிச்சது. கையோட சுற்றறிக்கையும் வந்துச்சு: 'மாதந்தோறும் தன்மதிப்பை அளந்து அனுப்புக. குறைந்தால் பாட்டு டீச்சர் பணியிடம் ரத்து.'

என் பொண்ணுக்குத் தெருவே வெச்ச பேரு சைரன். அவ வாயத் திறந்தா வண்டிக்காரங்க ஒதுங்கி வழி விடுவாங்க. தன்மதிப்புப் படிவத்துல 'நன்றாகப் பாடுவீர்களா?'ங்கிற இடத்துல, 'இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு எழுதி, நூத்துக்கு நூறு வாங்கினா.

பாட்டு டீச்சர் விடலை. ஆறு மாசம் சுருதிப்பெட்டிய வெச்சு மல்லுக்கட்டினாங்க. ஒருநாள் சைரன் பாதிப் பாட்டுல நின்னுட்டா.

"மிஸ்... இவ்ளோ நாளா நான் இப்படியா பாடினேன்?"

டீச்சருக்கு ஆனந்தக் கண்ணீர். அந்த வாரம் தன்மதிப்பு அளந்தாங்க. அறுபது.

அதிகாரி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏம்மா, நல்லா இருந்த புள்ளைக்கு நாப்பதக் காணோமே?"

"இப்பதான் சார் தப்பு தெரியுது. இனிமே சரியாப் பாடிடுவா."

"தப்பு எப்படித் தெரிஞ்சுது?"

"சுருதிப்பெட்டி இருக்கே சார்."

"அதான் குற்றவாளி. பீரோல வெச்சுப் பூட்டுங்க!"

அடுத்த சுற்றறிக்கை: 'மாணவர்கள் தத்தம் சுருதியில் பாடலாம். பிறர் பாடுவதைக் கேட்பது ஒப்பீட்டுக்கு இடமளிப்பதால், காதில் வைக்கப் பஞ்சு வழங்கப்படும்.' ஒரே மாசத்துல மொத்த கிளாஸும் தொண்ணூத்தெட்டு. ஆண்டுவிழாவ மட்டும் ஒழுங்கா முடிச்சுட்டா, டீச்சர் வேலை நிரந்தரம்.

விழா வந்துச்சு. நாப்பது புள்ளைங்க, நாப்பது சுருதி. சிலபேர் முடிச்சப்புறம்தான் சிலபேர் ஆரம்பிச்சாங்க. அதிகாரி கண்ண மூடித் தலையாட்டினார். பெத்தவங்க நாங்க எழுந்து நின்னு கைதட்டினோம். உக்காந்தா ஸ்பீக்கர் நேரா காதுக்கு எதிர்ல.

திடீர்னு நடுவுல ஒரு குரல். கோடு போட்ட மாதிரி, சுத்தமா. சைரன்! பஞ்ச எடுத்து பாக்கெட்ல போட்டிருந்தா.

அதிகாரி கண்ணத் திறந்தார். "யாருய்யா அது, நல்லாப் போயிட்டிருந்தத கெடுக்கிறது?"

டீச்சர் மூஞ்சி வெளிறிப் போச்சு. நான் எழுந்து கைகூப்பினேன்.

"என் பொண்ணுதான் சார். டீச்சர் மேல தப்பில்ல. சத்தியமா அவங்க ஒண்ணுமே சொல்லித்தரல. அவளாதான் சுருதி சேர்ந்துட்டா. வீட்டுல கண்டிக்கிறேன்."

"டீச்சர் சொல்லித்தரலையே? அப்ப சரி"ன்னு அங்கேயே நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது பெத்தவங்களுக்கும் படிவம் குடுத்தாங்க. 'நீங்கள் நல்ல தகப்பனா?'

நூத்துக்கு நூறு வாங்கினேன்.