ராணியின் நெருப்பும் மேஜரின் கேட்டும்

ஹார்த்வெய்ட், யார்க்‌ஷயர்
ஜூன் 1977

பேரன்புள்ள எட்னா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் லினெட் எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். கனடாவில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலம்தானே?

அடுத்த கோடையில் வந்து ரேவன் குன்றில் ஏற வேண்டும், ஸ்டான்லி மாமா உங்களிடம் கல்யாணம் கேட்ட இடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வருஷமாக அந்தப் பாதையில் மேஜர் தார்ன்ஹில் கேட் போட்டுப் பூட்டி வைத்திருப்பதை உங்களிடம் சொல்ல அப்பாவுக்கு மனசு வரவில்லை. மேஜர் சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளுக்கு அமைதி வேண்டுமாம். ஆலையில் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம் என்று கிடக்கிற எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சின்ன வயதில் அங்கே காட்டுப்பழம் தின்று நாக்கு ஊதாவாகி அம்மாவிடம் மாட்டிக்கொள்வோம். இப்போது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நாக்கு சுத்தம்.

இந்த நிலைமையில், ராணி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் என்று நாடெங்கும் குன்றுக்குக் குன்று நெருப்பு. ஒன்றில் எரிவதைப் பார்த்து அடுத்ததில் மூட்ட வேண்டும். நம்மூருக்கு ரேவன் குன்று; விழாக் குழுத் தலைவி பிக்கர்ஸ்டாஃப் அம்மா. தேநீர்க் கோப்பையில்கூட ராணி படம் வைத்திருப்பவள். "ஒரு குச்சிகூடத் தூக்க மாட்டேன்" என்றேன். "நீ தூக்க வேண்டாம்டி, வாயை மூடிட்டு வந்தாப் போதும்" என்றாள். மேஜர் அன்று ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டுப் பெரிய மனசு பண்ணி விறகும் கொடுத்தார். அத்தனையும் மழையில் ஊறிய பச்சை மரம். பேசினார், பற்றவைத்தார், புகையில் இருமினார், ஜீப்பில் ஏறிச் சாப்பிடப் போய்விட்டார்.

எதிர்க் குன்றில் ஸ்கெல்பி ஊர்க்காரர்களின் நெருப்பு வானத்தைத் தொடுகிறது, நம்முடையது புகைகிறது. "அணைஞ்சு போச்சா? தீப்பெட்டி அனுப்பவா?" என்று அங்கிருந்து கத்துகிறார்கள். "ஐம்பத்து மூணுல ராணிக்கு முடிசூட்டினப்போ கொட்டுற மழையிலயே எரிஞ்சுதே!" என்று அப்பா அழாத குறை. அன்று அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த வெளிச்சம் எனக்கும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது அத்தை. ஊர் முகமெல்லாம் சிவந்து, எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி.

ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி உடைந்த நாற்காலி, கோழிக்கூடு என்று கொண்டுவந்து போட்டோம். பச்சை மரம் அதையும் விழுங்கிவிட்டுப் புகைந்தது.

"காய்ஞ்ச மரம் ஊர்ல வேற இல்லையா?" என்றாள் பிக்கர்ஸ்டாஃப் அம்மா. எல்லோர் கண்ணும் மெதுவாகக் கீழே கேட் பக்கம் இறங்கியது.

"அது மேஜரோடதும்மா" என்றார் அப்பா.

"ராணியை விட அவரு பெரிய ஆளா? கழட்டுங்கய்யா!"

முதலில் ஓடியது நான்தான். தார் பூசிய ஓக். எரிந்தது பாருங்கள்! ஸ்கெல்பி நெருப்பு அதன் முன்னால் வெறும் மெழுகுவத்தி. "ராணி வாழ்க" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி. நான் கத்தியது கேட்டுக்காக.

பாதை திறந்து கிடக்கிறது, தைரியமாக வாருங்கள். கனடாச் சொந்தங்கள் எல்லோருக்கும் எங்கள் அன்பும், குழந்தைகளுக்கு முத்தங்களும்.

உங்கள் லினெட்

பி.கு.: தபாலில் போடப் போகும் வழியில் பார்த்தேன், தச்சன் புதுக் கேட் மாட்டுகிறான். பூட்டு முன்னதை விடப் பெரிது. பிக்கர்ஸ்டாஃப் அம்மா தட்டிப் பார்த்து, "நல்லாக் காய்ஞ்ச மரம்தான்" என்று என் காதில் சொன்னாள். அரச குடும்பத்தில் யாருக்காவது கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று அங்கே பத்திரிகையில் பார்த்து உடனே எழுதுங்கள். இங்கே அந்தப் பக்கத்தை மட்டும் நான் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன். அடுத்த நெருப்பின் தேதி தெரிந்த பிறகு டிக்கெட் எடுத்தால் போதும்.