மெயின்சுவிச் அண்ணையும் ஆளில்லாத அறையும்

வன்னி முழுவதிலும் மின்சாரத்துக்கு ஒரே ஒரு பகைவர்தான் இருந்தார். அவரை நான் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருந்தேன். ஒட்டுசுட்டானில் தன் வயலுக்குள் யானை நின்றால் "போ மோனை, போ" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிற மனிதர், ஆளில்லாத அறையில் ஒரு பல்பு எரியக் கண்டால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவார். அவருடைய பெயர் அடையாள அட்டையில் இருக்கும். எங்களுக்கு அவர் மெயின்சுவிச் அண்ணை.

தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றதும், வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகிற வீதியில் இருக்கும் எங்கள் வீட்டை நான்கு அறை கொண்ட தங்குமிடமாக்கினேன். காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும் உண்டு. வைகாசியில் அம்மன் பொங்கலோடு தொடங்குகிற கூட்டம், வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை முடியும்வரை இருக்கும். விருந்தினருக்குக் குறைவில்லை. வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் வர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை; அது மரியாதைக் குறைவு. "பாப்பம்" என்றால் வரமாட்டார். "நாளைக்கு வாறன்" என்றால் வரவே மாட்டார். "கட்டாயம் வாறன் அக்கா" என்றால் உடனே வேறு ஆள் தேட வேண்டும். சமையலுக்கு வந்த ஒருவர், நாயாற்றுக் கடலில் மீன் நல்லாய்ப் படுகிறது என்று கேள்விப்பட்டு, அடுப்பில் சொதி கொதிக்கக் கொதிக்கப் போனார். அகப்பையும் அவரோடு போய்விட்டது. இன்னொரு பெண்ணுக்கு ஒரே மாதத்தில் நாலு தமக்கைமாரின் கல்யாணம் வந்தது. பிறகு விசாரித்தால், அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

இந்த நேரத்தில்தான் அண்ணை வந்தார். காலபோக நெல்லை வெட்டி முடித்து, அடுத்த விதைப்பு வரைக்கும் சும்மா இருக்கிற அறுபது வயதுக்காரர். பின்னேரம் ஆறரை பஸ்ஸில் வருகிறேன் என்றவர் ஆறரை பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. சம்பளப் பேச்சை எடுத்தேன்.

"அதைப் பிறகு கதைப்பம் தங்கச்சி. முதல் மெயின்சுவிச் எங்கை இருக்கெண்டு காட்டுங்கோ."

காட்டினேன். புத்தி கெட்ட வேலை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. முற்றம் கூட்டி, தேங்காய் திருவி, கிணற்றடி கழுவி எல்லாம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் விருந்தினர் குளியலறைக்குள் கால் வைத்தால் அறையில் காற்றாடி நின்றுவிடும். லண்டனில் இருந்து வந்த ஒரு தம்பி, திரும்பி வரும்போது அறை குளிர்ந்து கிடக்கட்டும் என்று ஏசியைப் போட்டுவிட்டு நாயாறு பார்க்கப் போனார். வந்து பார்த்தால் ஏசி நின்றிருந்தது, யன்னல் எல்லாம் திறந்திருந்தது, மெத்தை முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆர் ஏசியை நிப்பாட்டினது?"

"நான்தான் தம்பி. ஆளில்லாத அறைக்குக் குளிர் ஆருக்கு?"

தம்பி அன்றைக்கே இணையப் பக்கத்தில் எழுதிவிட்டார்: "வீடு நல்லது. சாப்பாடு நல்லது. ஒரு பேய் இருக்கிறது, அது மின்சாரத்தை நிறுத்துகிறது." அதே பேயைப் பற்றி முன்பே இரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

அடுத்ததாக அம்மன் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து ஏழு பேர், நாலு அறையும் வேண்டுமென்று கேட்டு எழுதினார்கள். "ஏசி வேலை செய்யுமா?" என்று மூன்று தரம் கேட்டிருந்தார்கள். இவர்களும் பேயைப் பற்றி எழுதினால் இனி யாரும் எங்கள் பக்கம் திரும்பமாட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வவுனியாவில் மகளோடு போய் இருக்க வேண்டியதுதான். எனக்கு அது துளியும் விருப்பமில்லை.

மின்பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அண்ணை அதை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கோ பூட்டு?"

"ஒரு கிழமைக்கு வீட்டை போய் இருந்திட்டு வாங்கோ அண்ணை."

"கோயிலிலை அம்மாளுக்கே எண்ணெயில்லாமல், கடல் உப்புத்தண்ணியிலை விளக்கெரியுது தங்கச்சி. இவைக்கு நாலு ஏசியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுத்தார். போகிற போக்கில் வாசல் லைற்றை நிறுத்திவிட்டுத்தான் போனார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் "கட்டாயம்" சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர். நான் வைத்த இடத்தை மறக்கிறவள் என்பதால், பூட்டின் இரண்டு திறப்பையும் ஒரே வளையத்தில் கோத்து அவரிடமே கொடுத்தேன். பொங்கல் திங்கட்கிழமை விடிய அவர் காவடி நேர்த்தி என்று கோயிலுக்குப் போய்விட்டார், திறப்போடு.

பத்து மணிக்கு நாலு ஏசியும் ஓட, கேத்தில் கொதிக்க, பட்டுச் சேலைக்கு அயன் சூடேற, கிணற்று மோட்டரும் சேர்ந்து இழுக்க, மெயின்சுவிச் 'பட்' என்று விழுந்தது. குளியலறைகளில் மூன்று பேர் தலையில் நுரையோடு நின்றார்கள். பெட்டியைத் திறக்க வழியில்லை. திறப்பு, அந்தப் பெரிய சனத்துக்குள் முதுகில் செடில் முள் குத்தி ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் இடுப்பில். இணையத்தில் என்னைப் பற்றி எழுதப்போவதை நான் அப்போதே மனதுக்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் வாசல் படலை திறந்தது. மெயின்சுவிச் அண்ணை, நெற்றி நிறையத் திருநீற்றோடு.

"அம்மாளிட்டைப் போற வழியிலை, இஞ்சை எல்லாம் சரியோ எண்டு பாத்திட்டுப் போவமெண்டு இறங்கினனான்."

நிலைமையைச் சொன்னேன். அவர் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து ஒரே போடு. பூட்டு தெறித்து விழுந்தது. பிறகு கனடாக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் அறையளுக்கை போய், இருக்கிற எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. ஒண்டும் மிச்சம் விடக்கூடாது!"

ஏழு பேரும் நுரையும் துவாயுமாக ஓடினார்கள். ஏழு கனடாக்காரர் ஒரே நேரத்தில் சுவிச்சுகளை நிறுத்துவதைப் பார்த்து நின்ற அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு! அம்மன் தரிசனம் அவருக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

"போடட்டோ தங்கச்சி?"

"போடுங்கோ அண்ணை."

எங்கள் வீட்டில் அவர் ஒன்றை நிறுத்தாமல் போட்டது அன்றைக்குத்தான். அதன் பிறகு, ஏசி போடுவதென்றால் அவர்கள் அண்ணையிடம் கேட்டுத்தான் போட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் எழுதினார்கள்: "பேய் இருப்பது உண்மை. நல்ல பேய். அவர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்."

அவர்கள் போன மறுநாள், குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவரிடம், ஏன் அண்ணை இப்படி என்று கேட்டேன்.

"எங்கடை பக்கம் கறண்ட் வர முந்தின மாசம் என்ரை மனுசி கண்ணை மூடியிட்டா. வயர் இழுத்து, பல்பு மாட்டி, எல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தவா. ஒருக்கால்கூடப் போட்டுப் பாக்கேல்லை." இலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "ஆளில்லாத இடத்திலை லைற் எரிஞ்சா என்னாலை பாக்கேலாது தங்கச்சி."

அந்தப் பூட்டை வாங்கியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு விதைப்புக்கும் போய்விடுவார். வைகாசி பிறந்தால் அதே ஆறரை பஸ்ஸில் வந்திறங்குவார். அவர் வருகிற நாளில், குசினிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சின்ன அறையின் லைற்றை நான் ஆறு மணிக்கே போட்டுவிடுவேன். படலையில் நின்றே கத்துவார்.

"ஆளில்லாத அறைக்கு லைற் ஆருக்குத் தங்கச்சி?"

"அது ஆள் வாற அறை அண்ணை."

அவர் உள்ளே வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தில் இருந்துவிட்டுத்தான் நிறுத்துவார்.