பால்கனிக்குப் போன சோபா

சினிமா தியேட்டரில் எந்த டிக்கெட்டுக்கு எங்கே உட்கார்ந்தால் படம் நன்றாகத் தெரியும், எந்தத் தூண் மறைக்கும், எந்த ஃபேன் சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் காற்றுத் தராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அறிவு ஒரே ஒரு நாள் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அன்றைக்குப் பார்த்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், என் தங்கையின் நிச்சயதார்த்தத்தை முக்கால் மணி நேரத்தில் முறியும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். ஊருக்கு ஒரே தியேட்டர், தையல்நாயகி டாக்கீஸ். திரைக்கு நேர் அடியில் தரை டிக்கெட். அதற்குப் பின்னால் பெஞ்ச், அதற்கும் பின்னால் சேர், எல்லாவற்றுக்கும் மேலே பால்கனி. தரையில் மணல் கொட்டியிருப்பார்கள். முன்னால் இருப்பவன் தலை மறைக்கிறது என்று ஒருவன் மணலைக் குவித்து மேடு போடுவான். அவனுக்குப் பின்னால் இருப்பவன் அதைவிடப் பெரிய மேடு போடுவான். (இடைவேளைக்குள் ஒரு மலைத்தொடரே உருவாகிவிடும்.) பால்கனியில் ரைஸ்மில் குடும்பம், டாக்டர் குடும்பம், வெளியூர் மாப்பிள்ளைகள். யார் எங்கே உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான் ஊர் அவர்களுக்கு வணக்கமே வைக்கும்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது, சிடி வந்தது, படம் செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. பெட்டியில் ரீல் வருவது நின்று, புது மெஷின் வாங்கினால்தான் படம் என்று ஆனதும் முதலாளி கதவைச் சாத்திவிட்டார். மாவட்டத்தில் மூடிய தியேட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிறவி எடுத்தன. ஒன்று சிமெண்ட் குடோன் ஆனது, ஒன்று நெல் மூட்டை அடுக்கும் இடம் ஆனது. எங்கள் டாக்கீஸ் 'தையல்நாயகி மஹால்' ஆனது. திரை இருந்த இடத்தில் மணமேடை. சைக்கிள் ஸ்டாண்டில் பந்தி. டிக்கெட் கொடுத்த அதே ஓட்டை வழியாக இப்போது தாம்பூலப் பை கொடுக்கிறார்கள். (பழக்கதோஷத்தில் ஆட்கள் அங்கே முண்டியடிப்பதையும் பார்க்கலாம்.)

மூன்று விஷயங்கள் மட்டும் மாறவில்லை. ஒன்று பால்கனி. இரண்டாவது, பின்னாலிருந்து முன்னால் இறங்கும் சரிவு. மட்டப்படுத்த நிறைய மண் வேண்டும் என்று அப்படியே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மூன்றாவது, ஆபரேட்டர் சுப்பையா அண்ணன். படம் ஓட்டியவர் இப்போது மைக், லைட், சாவிக்கொத்து மூன்றுக்கும் அதிபதி.

பத்து வருடம் இருக்கும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, திருச்சியில் வேலை, உலகமே எனக்குத் தெரியும் என்ற எண்ணம். என் தங்கை வளர்மதிக்கு அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. முதலாவதற்கு ஜாதகம் காரணம். இரண்டாவதற்கு நான் காரணம். "எங்க வளருக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும்" என்று அவர்களிடம் தமாஷாக ஒரு வார்த்தை சொன்னேன். அவர்கள் அதைத் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வரன் அன்னவாசல் அருள். பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேரும் போனில் பேசிப் பழகிவிட்டார்கள். நிச்சயத்துக்கு முதல் வாரம் வளர்மதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. இந்தத் தடவை ஒனக்கு ஒரே வேலைதான். வாயத் தொறக்காம ஓரமா நில்லு."

அவள் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளுக்கு எப்படியாவது இந்தக் காரியத்தைச் சிறப்பாக முடித்துக் கொடுக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். (ஓரமாக நில் என்று அவள் சொன்னதை மட்டும் மறந்துவிட்டேன்.)

அப்பா கோயில் மண்டபம் போதும் என்றார். நான்தான் விடாப்பிடியாக மஹாலைப் பிடித்தேன். முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிவப்பு சோபாக்கள் போடச் சொன்னதும் நான்தான். அருளுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. வளர்த்தவர் பெரியப்பா ரெங்கசாமி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம் நிச்சயமாகும். அவர்கள் பக்கத்துத் தட்டு அந்தப் பெரியப்பா கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். ஒன்பது மணிக்கே எங்கள் சொந்தக்காரர்கள் உள்ளே நுழைந்து பின்வரிசை நாற்காலிகளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் வாங்க என்று கெஞ்சினாலும் ஒருவரும் நகரவில்லை. என் சித்தப்பா துண்டு போட்டு நாலு சீட் வேறு பிடித்து வைத்திருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பாவின் கையைப் பிடிக்காத குறையாக நான் முன்னால் அழைத்துப் போனேன்.

"வாங்க மாமா, உங்களுக்கு முன்னாடிதான் எடம். இங்கிட்டு வாங்க, இன்னும் முன்னாடி."

சேர் இருந்த இடத்தைத் தாண்டினோம். பெஞ்ச் இருந்த இடத்தைத் தாண்டினோம். அவர் நடை தளர்ந்துகொண்டே வந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, ஒருமுறை திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் சம்சாரம் சிவகாமி அத்தை சோபாவில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைக் கவனமாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அன்னைக்கும் தரை, இன்னைக்கும் தரை. என் தலையெழுத்து இந்தக் கொட்டகையில தரைதான் போல."

பெரியப்பா முகம் சுண்டிவிட்டது. காபி கொடுத்தோம், வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தோம், அதுவும் வேண்டாம். மணி ஒன்பதே முக்கால் ஆனபோது எழுந்து, "நீங்க நடத்துங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

மேடையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த வளர்மதி சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'என்ன சொன்னே?' என்று கேட்கிறாள். நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை.

சிவகாமி அத்தையிடம் ஓடினேன். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். கல்யாணமான மறுவாரம், பெரியப்பா அவரைப் படத்துக்கு என்று அன்னவாசலிலிருந்து இந்தத் தையல்நாயகி டாக்கீஸுக்குத்தான் அழைத்து வந்திருக்கிறார். அன்று பால்கனி முழுக்க ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கூட்டம். சேரும் இல்லை, பெஞ்சும் இல்லை. புதுப்பெண் கூறைப்பட்டோடு மணலில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார். எழுந்தபோது சேலையில் யாரோ துப்பிய வெற்றிலை எச்சில்.

"அந்தக் கறை போகவே இல்ல தம்பி. அவுக என்னைக்காச்சும் கோவமாப் பேசுனா, பீரோவைத் தொறந்து அந்தச் சேலையை எடுத்து வெளியில வைப்பேன். அம்புட்டுதான், கப்சிப்."

முப்பத்தைந்து வருடமாகக் கறையைக் காட்டி அடக்கி வைக்கப்பட்ட மனிதரை, சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, அதே இடத்தில் மறுபடி உட்கார வைத்திருக்கிறேன். அதுவும் தரை டிக்கெட் என்றால் என்ன என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த நான்!

வாசலுக்கு ஓடி அவர் முன்னால் நின்றேன். "மாமா, தப்பு என் மேலதான். பால்கனியில எடம் போடுறேன். நீங்களும் அத்தையும் அங்கிட்டு இருந்து பாருங்க."

"பால்கனியா?" என்றார். குரல் இளகியிருந்தது.

சுப்பையா அண்ணன் சாவியோடு வந்தார். உள்ளே அண்டாக்கள், உடைந்த நாற்காலிகள், நாலைந்து புறாக்கள். எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிப் பெருக்கினோம். பெரியப்பாவும் அத்தையும் மேலே வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். இத்தோடு விட்டிருக்கலாம், இரண்டு நாற்காலி போட்டிருக்கலாம். நானோ சோபாதான் மரியாதை என்று, தம்பி முறைக்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு பெரிய சோபாவை மாடிப்படியில் ஏற்றினேன். நான் மேல்பக்கம், அவர்கள் கீழ்ப்பக்கம்.

பால்கனிப் படி பாதியில் ஒரு திருப்பம் திரும்பும். சோபா திரும்பவில்லை.

தள்ளினோம், இழுத்தோம், சாய்த்தோம். கடைசியில் அது சுவருக்கும் சுவருக்கும் இடையில் தக்கை மாதிரி இறுகி நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. மேல்பக்கத்தில் நான், பெரியப்பா, அத்தை, புறாக்கள். வேறு வழி இருக்கிறதா என்று கத்தினேன். ஆபரேட்டர் ரூம் வழியாக ஒரு கதவு இருந்ததாகவும், மஹால் ஆக்கும்போது அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகவும் சுப்பையா அண்ணன் கீழேயிருந்து சாவகாசமாகச் சொன்னார்.

மணி பத்து இருபது.

"டேய் குமரேசா!" என்று அப்பா கீழேயிருந்து போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்துவிட்டன. அவற்றுக்கு வழி இருந்தது.

சீரியல் பல்பு கட்டும் ஏணியைக் கொண்டுவரச் சொன்னது சித்தப்பாதான். பின்பக்கம் தரை மேடாக இருப்பதால் பால்கனிச் சுவர் எட்டும் உயரம்தான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தாம்பூலத் தட்டோடு ஏணியில் ஏறினார். நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தட்டை ஏற்கெனவே ஒருவர் சோபாவுக்கு மேல் இருந்த சந்து வழியாக என்னிடம் கொடுத்துவிட்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். மேடையில் வளர்மதி தனியாக இருந்தாள். சுப்பையா அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, படம் தொடங்க அடிக்கும் பழைய மணியை அடித்து, மேடை விளக்கை மட்டும் விட்டுவிட்டு மண்டபத்து லைட்டை எல்லாம் அணைத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது.

அப்பா தட்டை நீட்டினார். பெரியப்பா கையை நீட்டினார். எட்டுமோ எட்டாதோ என்று பயந்து நான் நடுவில் கையைக் கொடுத்தேன். யாரும் கேட்காத உதவி. தட்டு சாய்ந்தது, மஞ்சள் பூசிய தேங்காய் நழுவியது.

அது கீழே ஒரு காலி நாற்காலியின் மெத்தையில் விழுந்து, துள்ளி, தரைக்கு வந்து உருள ஆரம்பித்தது. சரிவு அதன் வேலையைக் காட்டியது. சேரைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, நடைபாதையில் கடகடவென்று மேடையை நோக்கிப் போகிறது. நிச்சயத் தேங்காய் உடைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வரனும் போச்சு, இனி வளர்மதி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

மேடைப் படியில் மோதுவதற்கு ஒரு முழம் முன்னால், முன்வரிசை சோபாவிலிருந்து அருள் பாய்ந்தார். காலால் தடுக்காமல், பட்டுவேட்டியோடு மண்டி போட்டு, இரண்டு கையாலும் தேங்காயைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரும் சிரித்தார்.

"புடிச்சிட்டான்டீ!" என்று பெரியப்பா பால்கனிச் சுவரைத் தட்டினார். "நல்ல சகுனம்! சம்பந்தி, தட்டை இங்கிட்டு குடுங்க!"

சிவகாமி அத்தை கீழே எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தேங்காகூட தரைக்குப் போயிருச்சு. நாமதாங்க பால்கனி."

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது. வளர்மதியின் நிச்சயதார்த்த ஆல்பத்தைத் திறந்தால் முதல் படத்தில் ஊரே முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், ஏணி உச்சியில் அப்பாவின் கெண்டைக்கால் தெரியும். பந்தி முடிந்த பிறகு தச்சர் வந்து கால்களை அறுத்தபின்தான் சோபாவை மேலே தள்ள முடிந்தது. அதைக் கீழே இறக்க இன்றுவரை யாரும் துணியவில்லை. அந்தக் கறைபட்ட சேலை அதற்குப் பிறகு பீரோவை விட்டு வெளியே வரவே இல்லை என்று அத்தை சொன்னார்.

போன மாதம் வளர்மதியின் மகளுக்குக் காதுகுத்து. மஹால் அதேதான், பெரியப்பா வேறு இடத்துக்குச் சம்மதிக்கவில்லை. தாய்மாமன் என்பதால் என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரிக்கு மேடையில் வெளிச்சம் போதவில்லையாம். மேடைக்குக் கீழே, நட்ட நடுவில் ஜமுக்காளத்தை விரித்து என்னை உட்கார வைத்தார்கள். நாலு வயதுக் குழந்தை உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானபோது, மேலே காலில்லாத சோபாவிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள! அங்கிட்டு இருந்து படம் தெரியுதா?"

"கழுத்துதான் வலிக்குது மாமா!" என்றேன்.

மண்டபமே சிரித்தது. குழந்தை அழுகையை மறந்து அண்ணாந்து பார்த்தபோது ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டார். மறுகாதுக்கு மட்டும் ஊரைக் கூட்டினாள். சமாதானப்படுத்த அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பந்திக்குப் போனேன். தேம்பல் நின்றதும் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாமா, இதுதான் பால்கனியா?"

ஆமாம் என்றேன்.