அத்தையின் சாவுக்கு வந்த விளம்பரம்

என் சொந்த அத்தை உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்த செய்தியை உலகத்துக்கு முதலில் அறிவித்தவன் நான். அதுவும் அழுவதற்கு முன்பே.

அப்போது இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஒரு சமூக வலைத்தளத்தில் செய்திப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். (ஆசிரியர், நிருபர், கேமராமேன் எல்லாம் நானே. அலுவலகம், லயத்துக் காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறை வரிசை வீட்டில் என் கட்டில்.) செய்திப் பக்கங்களுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு தருவதாகத் தளம் அறிவித்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஹட்டனில் ஒரு போட்டிக்காரன் இருந்தான். எந்தச் சாவையும் எனக்கு முன்னால் போட்டுவிடுவான்.

ஒரு மழைக்காலை மண்மேடு சரிந்து, அத்தை தனியாக இருந்த கடைசிக் காம்பராவை மூடியது. கணக்கப்பிள்ளை எல்லோரையும், தினமும் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பெயர் வாசித்தார்.

"செல்வராணி!"

பதில் இல்லை. அத்தையின் பெயரை மறுபடி வாசித்தார். இல்லை.

பெரட்டில் குரல் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் தோட்டத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆள் முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போயிருக்கும். தோட்ட நிர்வாகியான துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டோம். அதை நானும் யோசித்தேன். (ஆனால் ஹட்டன்காரன் முந்திவிடுவானே!) கல்யாண வீட்டில் அத்தை சிரிக்கும் படத்தைப் போட்டு, "மண்ணில் புதையுண்டு பலி" என்று எழுதினேன். அதைப் பார்த்து, அத்தை உள்ளே இல்லையோ என்று சந்தேகப்பட்டவர்களும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். தோண்டுவதை நேரலையில் காட்டினேன். நடுவே ஒரு விளம்பரம் ஓடியதாம்: பத்து வருடமானாலும் வெடிக்காத சுவர்ப் பூச்சு.

மத்தியானம், கை நிறைய கிழங்கு மண்ணோடு அத்தை நேராக என் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். கூட வேலை செய்த பெண் ஃபோனில் காட்டியிருக்கிறாள்.

"டேய், யாருடா செத்தது? விடியக்காலமே கிழங்கு புடுங்கப் போயிட்டேன்டா!"

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. துரையும் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இடமும் தோண்டித் தயாராகத்தான் இருந்தது. மறுநாள் தோட்டத்தின் வேலைப் பதிவேட்டிலிருந்து அத்தையின் பெயரை வெட்டிவிட்டார்கள். வீட்டை மண் கொண்டுபோனது. வேலையை நான் கொண்டுபோனேன்.

கொஞ்ச நாளில் என் விளம்பரப் பங்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு அத்தையிடம் நீட்டினேன்.

"இவ்வளவுதானா? மீதி எங்கடா?"

"அந்தத் தளத்துக்காரங்களும் ஒரு பங்கு எடுத்துக்குவாங்க அத்தை."

"செத்தது நானு. அவங்களுக்கு எதுக்குடா பங்கு?"



பக்கத்தை மூடிவிட்டேன். என் அலுவலகக் கட்டில் இப்போது அத்தைக்கு, நான் தரையில். தினமும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காலால் என்னைத் தட்டி, "மருமகனே, உசுரோடதான் போறேன், எழுதிக்க!" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவேன். அங்கே அத்தையின் பெயரை இப்போது யாரும் வாசிப்பதில்லை.