மூன்றாவது திருப்பத்தில் கடல்

ஓஸ்லோவைத் தோற்கடிப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு முடிவெடுத்தேன். வாயில் பாதி ரொட்டி இருந்ததால் முடிவை உரக்கச் சொல்லவில்லை.

காரணம், சாப்பாட்டு மேசையில் காப்பிக் கூஜாவுக்கு அடியில் கிடந்த ஒரு காகிதம். ஓஸ்லோவில் அடுக்குமாடி வீடு விற்பனைக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, குளியலறைத் தரை சூடாக இருக்கும், பக்கத்துத் தெருவில் கூட்ரூன். கூட்ரூன் என் மைத்துனி. அவளை விளம்பரத்தில் அச்சடிக்கவில்லை. என் மனைவி தூரிட் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தாள்.

"இது என்ன?" என்றேன்.

"காகிதம்."

"அது தெரியுது. இங்க எதுக்குக் கிடக்கு?"

"காப்பிக் கறை மேசையில படாம இருக்க."

"தூரிட்."

"சும்மா பாத்தேன் ஹால்வார்ட். பாக்கக்கூடவா கூடாது? நமக்கும் வயசாகுது. கூட்ரூன் தனியா இருக்கா. அங்க வெயில் வேற அடிக்குதாம்."

வெயிலைப் பற்றி என்னிடமே பேசுகிறாள். நாங்கள் பெர்கன்காரர்கள். எந்த நாடு என்று கேட்டால் பெர்கன் என்போம். நார்வே என்பது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏதோ ஓர் இடம். இங்கே குழந்தைகள் பிறக்கும்போதே மழைக்கோட்டோடு பிறக்கின்றன என்று சொல்வது மிகை. பிறந்த மறுநாள்தான் போடுகிறோம். ஓஸ்லோக்காரர்களோ குடையை வீட்டில் மறந்துவிட்டு வெளியே போகிறவர்கள். அவர்கள் நடுவில் எனக்கு என்ன வேலை?

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கும் வெள்ளை மர வீடு. அப்பா அதில் பிறந்தார், நானும் பிறந்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஏணி வைத்து நானே பெயிண்ட் அடிப்பேன். கார் வராது. கீழ்த்தெருவிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு கல்படி. இந்த அறுபத்தொன்பது வயதிலும் அதை ஒரே மூச்சில் ஏறுகிறேன். மூன்றாவது திருப்பத்தில் மட்டும் ஐந்து நிமிடம் நிற்பேன். அது கடலை ரசிப்பதற்காக. என் முட்டியைப் பற்றி ஊரில் சிலர் ஏதாவது சொல்லலாம். முப்பத்தெட்டு வருடம் படகு எஞ்சின் அறையில் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்த முட்டி. கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

இந்த வீட்டை விட்டுப் போவதா? அன்று மத்தியானம் வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு ஈவாரிடம் விஷயத்தைக் கொட்டினேன். ஈவார் மனைவியை இழந்தவன். சமையல் என்றால் டப்பா திறப்பது என்று நினைக்கிறவன். அன்று என்னவோ கையில் ஒரு வாஃபிளை, கட்டம் கட்டமாகச் சுட்ட இனிப்பு அப்பத்தை, வைத்துக்கொண்டு நின்றான்.

"ஓஸ்லோவா? அடப்பாவமே," என்றான், வாய் நிறைய.

"என்ன பண்றதுன்னே தெரியல."

"நீ அவளை வெளிய கூட்டிட்டுப் போய் எத்தனை நாளாச்சு?"

"போன மாசம் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே."

"அது ஊர் சுத்தறதாய்யா? கப்பல்ல வந்து இறங்கறவன்லாம் நம்ம ஊரைப் பாத்து வாயைப் பிளக்கறான். நீ உன் பொண்டாட்டிக்கு அதைக் காட்டினதுண்டா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போ. பழைய துறைமுகம், ராஜா மண்டபம், கோபுரம், மலை ரயில், ஒண்ணு விடாம காட்டு. சாயங்காலம் பாரு, ஓஸ்லோன்னா எந்தப் பக்கம்னு கேப்பா."

"ஈவார், நீ மூளைக்காரன்யா."

"எல்லாம் அனுபவம்," என்றவன் வாஃபிளின் கடைசித் துண்டை வாயில் போட்டு விரலை நக்கிக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து ஊர் வரலாறு படித்தேன். அறுபத்தொன்பது வருடமாக நான் வாழும் ஊரில் இத்தனை முறை தீப்பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு காலை, ஏதோ அந்த நிமிடம் தோன்றியதைப் போல, "தூரிட், இன்னிக்குச் சும்மா ஊரைச் சுத்திட்டு வரலாமா?" என்றேன்.

"அடடே. திடீர்னு என்ன?"

"திடீர்னு தோணிச்சு."

ஆச்சரியத்தில் அவள் புருவம் உயர்ந்தது. உயர்ந்த புருவம் இறங்குவதற்குள் முதுகுப்பையை மாட்டிக்கொண்டாள். பையில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி, பிளாஸ்க் நிறையக் காப்பி, நனையாமல் உட்கார இரண்டு ரப்பர் விரிப்பு. இவ்வளவும் எப்போது கட்டினாள் என்று அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் நானோ பதினான்காம் நூற்றாண்டில் இருந்தேன்.

மழை எங்களுக்கு முன்பே துறைமுகத்துக்கு வந்து காத்திருந்தது. வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்து நிற்கும் பழைய மர வீடுகள் முன்னால் நின்று, மீன் வியாபாரிகளின் வரலாற்றை ஆரம்பித்தேன்.

"கருவாட்டை வடக்கேருந்து கொண்டு வந்து, இங்க தானியத்துக்கு மாத்தினாங்க. நெருப்புக்குப் பயந்து உள்ள அடுப்பே மூட்டக்கூடாது. குளிர்காலம் பூரா அப்படியே உக்காந்திருப்பாங்க. கல்யாணமும் பண்ணிக்கக் கூடாது."

"அடுப்பும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. அப்புறம் யார்கிட்டதான் குறை சொன்னாங்க?"

அப்போது கேமராவோடு ஓர் அயல்நாட்டுப் பெண் ஓடி வந்தாள். என் மஞ்சள் மழைக்கோட்டையும் தாடியையும் காட்டி, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அசல் மீனவனாம். நான் வாழ்நாளில் ஒரு மீனும் பிடித்ததில்லை. எஞ்சினைத்தான் பிடித்திருக்கிறேன். இருந்தாலும் ஊரின் மானத்தை நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தூரிட் எனக்குப் பின்னால் நின்று சிரித்ததில் அவள் முதுகுப்பை குலுங்கியது.

மர வீடுகளுக்கு இடையே ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து போனால் தோள் இடிக்கும். நடுவழியில் தூரிட் நின்றாள்.

"இந்த இடம் ஞாபகம் இருக்கா?"

"ஆயிரத்து எழுநூத்து ரெண்டுல தீப்பிடிச்சப்ப..."

"அது இல்ல. நாப்பத்துமூணு வருஷம் முன்னாடி, மழைக்கு ஒதுங்கினப்ப."

ஞாபகம் இருந்தது. அன்று அவளுடைய பச்சைத் தொப்பியில் சொட்டிய தண்ணீர் கூட ஞாபகம் இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை ரேடியோவைப் பழுது பார்த்தே கழித்துவிட்டேனே என்று மனசு கனத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இது என் திட்டத்தில் இல்லாத விஷயம்.

கோபுரத்தடியில் அவள்தான் கேட்டாள். "மேல ஏறலாமா? இல்ல, படி ஜாஸ்தியோ?"

"படியா, எனக்கா?"

சுழன்று சுழன்று ஏறும் கல்படி. பாதியில் என் முட்டி ஒரு சத்தம் போட்டது. கல்சுவரில் பட்டு அது மூன்று முறை திரும்பி வந்தது.

"என்ன சத்தம் அது?"

"பழைய கோபுரம். கல் நகருது."

"ஓ," என்றாள்.

மலை ரயிலில் உச்சிக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று மூடுபனி. எனக்குத் தூரிட்டே அரைகுறையாகத்தான் தெரிந்தாள். "அதோ அங்க துறைமுகம், இங்க பெரிய தேவாலயம்," என்று வெள்ளைப் புகையைக் காட்டி விளக்கினேன். "ரொம்ப அழகா இருக்கு," என்று தலையாட்டினாள். அவளைப் போல நல்லவள் கிடைக்க மாட்டாள் என்று தோன்றியது.

கீழே வந்து கடலோர பெஞ்சில் ரப்பர் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். நான் உட்காரவில்லை, விழுந்தேன். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. ரொட்டியைக் கடித்துக்கொண்டே, வாரம் முழுக்க மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஓஸ்லோ வேண்டாம் தூரிட்."

"ம்."

"இந்த மழை இல்லாம எனக்கு மூச்சு விட முடியாது. வேற எது கேட்டாலும் கேளு. இந்த ஊருக்குள்ள நீ எங்க இருக்கச் சொன்னாலும் இருக்கேன். தகரக் கொட்டகையா இருந்தாலும் சரி."

"எங்க சொன்னாலுமா?"

"எங்க சொன்னாலும்."

"அந்த வீட்டை விட்டும் வருவியா? இந்த ஊருக்குள்ளன்னா?"

ஓஸ்லோ என் கண்முன்னே தெரிந்தது. வெயில். கூட்ரூன். சூடான குளியலறைத் தரை. "வருவேன்," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

தூரிட் பிளாஸ்க்கை இறுக்க மூடினாள். "சரி, ஓஸ்லோ வேண்டாம். ஆனா இன்னும் ஒரு இடம் பாக்கணும். இது நான் சொல்ற இடம். மூணு மணிக்குத்தான் திறப்பாங்க."

ஜெயித்துவிட்டேன். அந்த சந்தோஷத்தில் நூர்ட்னெஸ் முனை வரை நொண்டிக்கொண்டே நடந்தேன். கடலைப் பார்த்த ஒரு மஞ்சள் கட்டடம். வாசலில் வரிசை. உள்ளே போகிறவர்கள் கூடையிலிருந்து நீல பிளாஸ்டிக் உறை எடுத்து ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். ஏதோ அருங்காட்சியகம் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாரும் மெல்லப் பேசிக்கொண்டு, யாரோ ஒருவருடைய சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து பார்த்துத் தலையாட்டினார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. விற்பனை வீடு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விற்பனை வீடுகளைத் திறந்து வைப்பார்கள். வாங்குகிறவனும் போவான், பொழுது போகாதவனும் போவான். எனக்குக் கூடையிலிருந்து உறை எடுத்துக் கொடுத்தாள் தூரிட். தனக்குத் தன் முதுகுப்பையிலிருந்தே எடுத்தாள். ஏற்கெனவே போட்டுக் கசங்கிய உறை.

வீட்டை விற்றுக்கொடுக்கும் இளம்பெண் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். "வாங்க தூரிட். இவர்தானா அவர்? இப்ப முட்டி எப்படி இருக்கு?"

நான் தூரிட்டைப் பார்த்தேன். தூரிட் ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

"எனக்கு முட்டியில ஒண்ணுமில்லையே," என்றேன்.

அந்தப் பெண் நாகரிகம் தெரிந்தவள். குளியலறைப் பக்கம் போய்விட்டாள். தூரிட் என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்த நாற்காலி எங்கே இருக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"தரைத்தளம். வாசல்ல ஒரே ஒரு படி. நானே எண்ணிப் பாத்தேன்," என்றாள்.

"நான் நூத்துப் பன்னிரண்டு படியையும் ஒரே மூச்சுல..."

"மூணாவது திருப்பத்துல நிப்பியே."

"கடலைப் பாக்க."

"ஹால்வார்ட். மூணாவது திருப்பத்துலேருந்து கடல் தெரியாது. ஈவாரோட குப்பைத்தொட்டிதான் தெரியும்."

ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க ஏறிய படியில் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப நேரா கேட்டிருக்கலாமே?"

"நேரா கேட்டா ஏணியை எடுத்துட்டுப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பியிருப்ப. நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. பனி உறையற நாள்ல நீ கடைக்குப் போனா, நான் ஜன்னல்லயே நிப்பேன். உன் முட்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு வேலையே ஓடாது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு நாள் அந்தச் சத்தம் வராம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் அவள் கையைத் தேடினேன். அது என் முட்டியின் மேல்தான் இருந்தது.

"நம்ம வீடு?" என்றேன்.

"இங்குனுக்கு. நம்ம பொண்ணுதானே, எத்தனை நாள் வாடகை வீட்டுல இருப்பா? மாப்பிள்ளைக்கு முட்டி நல்லா இருக்கு. அவன் பெயிண்ட் அடிக்கட்டும். நீ கீழ நின்னு குறை சொல்லு."

இதில் நியாயம் இருந்தது. குறை சொல்வதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

"அந்த ஓஸ்லோ வீடு?"

"கூட்ரூன் மூணு வருஷம் முன்னாடி அனுப்பின காகிதம். அந்த வீடு அப்பவே வித்துப் போச்சு."

"அப்ப ஈவார்? ஊர் சுத்தற யோசனை அவன் சொன்னதுதானே?"

"அவன்தான் சொன்னான்," என்றாள் தூரிட். "ஆறு வாஃபிள் கேட்டான். நான் நாலு தரேன்னேன். கடைசில அஞ்சுக்கு ஒத்துக்கிட்டான்."

வீடு திரும்பும்போது மழை விட்டிருந்தது. வழியெல்லாம் ஜனங்கள் என் காலையே பார்த்தார்கள். படிக்கட்டின் அடியில் வந்துதான் கவனித்தேன், ஷூவில் அந்த நீல உறைகள் அப்படியே இருந்தன. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நனையாம இருக்கட்டும்னுதான்," என்றாள்.

ஏற ஆரம்பித்தோம். முதல் திருப்பம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்று நிற்கவே கூடாது, அவளுக்குக் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது திருப்பத்தில் அவள் நின்றாள். என் கையோடு தன் கையைக் கோத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தாள்.

"கடல் இன்னிக்கு நல்லா இருக்கில்ல?" என்றாள்.

நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் ஈவாரின் குப்பைத்தொட்டியை ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.